முடியாத புரட்டாசி

கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு மூக்கு கிடையாது என்று டவுனுக்குள்ளிருந்து வருகிறவர்கள் சொல்வார்கள். நாமும் சிரித்துக்கொள்வோம். ராயபுரத்தில் என்னோடு வளர்ந்தவர்களே, இப்போது கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படிக்கிறவர்களே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். காசிமேட்டுக் காற்று, ஹார்பர் கரித்தூள், யார்டில் நிற்கும் ரயிலின் புகை, எல்லாம் சேர்ந்த ஒன்றைத்தான் நாம் காற்று என்று நினைத்திருந்தோம். மீன் வாசனையை நாம் முகர்ந்ததில்லை. அதற்குள் குடியிருந்தோம்.

அந்த வாசனை ஒரு புரட்டாசி மாதம் எங்கள் பின்னாலேயே நடந்து வந்தது.

யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. கல்லும் புழுவுமாக அரிசி. அதுவும் பாதிதான், மீதிக்குக் கோதுமை. கோதுமையை என்ன செய்வதென்று தெரியாமல் தெருவே விழித்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு ஆணி காலியாக இருந்தது. அதுவரை அதில் அண்ணனின் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் கருவாட்டு மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டி, அதன்மேல் ஓலைப்பாயில் கட்டிய கருவாட்டு மூட்டையை ஏற்றிக்கொண்டு ஓடுவான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அதே துண்டால் என் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, "இன்னாடி, கரிமூஞ்சி" என்பான். பிறகு யுத்தத்தில் கப்பல்களுக்கு ஆள் எடுத்தார்கள். அவன் கரி தள்ளுகிற வேலைக்குப் போனான். மீசை சரியாக முளைக்காத வயசு. போகும்போது துண்டை ஆணியில் மாட்டிவிட்டு, "கப்பல்ல புதுசு குடுப்பாங்கோம்மா. இது இங்கியே கெடக்கட்டும்" என்றான்.

யுத்தம் முடிந்து மற்ற வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். சிலருக்குத் தந்தி வந்தது. எங்களுக்கு ஆளும் இல்லை, தந்தியும் இல்லை.

நைனா ஹார்பரில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தார். புதுக் கப்பல் எது வந்தாலும் அதன் ஆட்களிடம் விசாரிப்பார். வீட்டுக்கு வந்ததும் கை கழுவ ரொம்ப நேரம் எடுத்துக்கொள்வார். கடைசியில் நைனாவின் தங்கை, எங்கள் அத்தை, மெதுவாகப் பேச்சை எடுத்தாள்.

"ஒரு இலை போட்டுப் படைச்சிட்லாம் அண்ணி. அவன் எங்க பசியோட சுத்தினுகீறானோ."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "உசுரோட கீற புள்ளைக்கி எவளாச்சும் இலை போடுவாளா?"

அன்றைக்குத்தான் வேண்டிக்கொண்டாள். புரட்டாசியில் திருப்பதி மலைக்கு நடந்தே போவது. "நான் மலை ஏறிட்டன்னா, அவன் கப்பல்லேந்து எறங்கிடுவான்" என்றாள். பெருமாளோடு நேருக்கு நேர் பேசி முடித்துவிட்டவள்போல.

பஜனைக் கோயில் பெரியவர் முறை சொல்லிக்கொடுத்தார். கட்டுச்சோறு கொண்டுபோகக் கூடாது. வழியில் மடியேந்தி, கோவிந்தா சொல்லி, கிடைக்கிற சோற்றைத்தான் சாப்பிட வேண்டும். அரிசியாகக் கிடைப்பதை மலையில் சேர்க்க வேண்டும். மாசம் பிறந்ததிலிருந்து மலை இறங்கும்வரை மீன், கறி என்று எந்தக் கவுச்சியும் கூடாது. கவுச்சி ஆக்கிய சட்டியில் ஆக்கிய சோறும் கூடாது. யாருக்காக வேண்டுதலோ அவர்கள் உடுத்திய துணியில்தான் மடி ஏந்த வேண்டும்.

அப்படித்தான் ஆணி காலியானது.

அம்மா அந்தத் துண்டைச் சவுக்காரம் போட்டு வேகவைத்தாள். கல்லில் அடித்தாள். மறுபடி வேகவைத்தாள். மஞ்சள் கரைத்த நீரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைத்ததும் அது சாமந்திப்பூ நிறத்துக்கு வந்தது. அதை முகர்ந்து பார்த்து, "மஞ்சவாசனைதான் வருது" என்று எனக்கும் காட்டினாள். எனக்கும் மஞ்சள்தான் வந்தது. வெயிலில் காய்ந்த துணி நல்ல துணியாகத்தானே இருக்கும்.

மாசம் பிறந்ததும் பழைய மீன் சட்டிகள் கோணியில் கட்டிப் பரணுக்குப் போயின. புதுச் சட்டிகள் வந்தன. அத்தை சாப்பாட்டில் உட்காரும்போதெல்லாம் "மே" என்று ஆடுபோல ஒரு குரல் கொடுப்பாள். "கீரைய மேஞ்சி மேஞ்சி எனக்குக் கொம்பு மொளைக்கப் போவுது. அப்பால என்ன எவன் கட்டுவான்?" அவளுக்குக் கல்யாணமாகிப் பேரப்பிள்ளையே இருந்தது. நைனாகூட அதற்குச் சிரித்தார்.

அம்மாவுக்கு மட்டும் வேறொன்று நடந்தது. ஒருநாள் காலையில் வாசலில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். "எதிர்வூட்ல சென்னாக்குன்னிக் கருவாடு வறுக்கறா" என்றாள். எதிர்வீட்டில் தினமும்தான் வறுத்தார்கள். இன்னொரு நாள், வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, "கருவாட்டு வண்டி வருது" என்றாள். "எனக்கு மூக்கு தொறந்துகிச்சிடி! ஒடம்பு சுத்தமாயிட்ச்சி. பெருமாளு கேட்டுகினுதான் கீறாரு." அப்படி ஒரு சந்தோஷத்தோடு அம்மா முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பிறகும் பார்க்கவில்லை.

பௌர்ணமியன்று கிளம்பினோம். அம்மா, நைனா, அத்தை, நான். மஞ்சள் துணியின் இரண்டு முனையைக் கழுத்திலும் இரண்டு முனையை இடுப்பிலும் முடிந்து, முன்னால் பையாகத் தொங்கவிட்டுக்கொண்டு, அம்மா நம் தெருவிலேயே முதல் குரல் கொடுத்தாள். "கோவிந்தா!" ரேஷன் அரிசியிலும் ஆளுக்கு ஒரு பிடி போட்டார்கள் நம் தெருக்காரர்கள். அதை நான் மறக்கவில்லை.

வியாசர்பாடி ரயில்வே லைன் வீடுகள் பக்கம் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. பழுப்பாக, சாய்வாக, கரிப்புகையைக் கரைத்துக்கொண்டு இறங்கும் அந்த மழை. ஒரு வீட்டு ஓட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். கதவு திறந்தது. ரயில்வே கலாசித் தொழிலாளி ஒருவரின் மனைவி. அம்மா வயசுதான் இருக்கும். மூக்குத்தி இல்லாத, நெற்றியில் ஒன்றும் இல்லாத முகம்.

"யக்கா, இன்னாத்துக்கு மழைல நிக்கிறீங்கோ? கொழந்த நடுங்குது பாரு. உள்ள வாங்கோ."

"மலைக்கிப் போறோம்மா. மடிப்பிச்ச. கவுச்சி ஆவாது" என்றாள் அம்மா.

"இன்னிக்கிப் பௌர்ணமிக்கா. எங்க வூட்ல கவுச்சியே கெடையாது. புத்தருக்கு வெளக்கு வச்சிட்டுத்தான் ஒல வச்சேன்." உள்ளே சுவரில் கண்மூடிய புத்தர் படமும் அகல்விளக்கும் தெரிந்தன. அந்த லைன் வீடுகளில் அப்போதே புத்தரைக் கும்பிடுகிறவர்கள் இருந்தார்கள்.

அத்தை அம்மாவின் காதைக் கடித்தாள். "பெருமாளப் பாக்கப் போற வழில புத்தரு வூட்லயா?"

"சோறு போட்ற கைதான் சாமி. கம்முனு ஒக்காரு."

தாழ்வாரத்திலேயே உட்கார்ந்தோம். இலை வந்தது. ரேஷன் அரிசிதான், ஆனால் ஒரு கல் இல்லாமல் பொறுக்கி ஆக்கிய சோறு. கத்திரிக்காய் சாம்பார். கீரை. அந்தச் சோற்றின் ஆவி என் முகத்தில் பட்டது இன்னும் நினைவிருக்கிறது. நான் பாதி சாப்பிட்டுவிட்டேன். அம்மா முதல் உருண்டையை உருட்டி வாய்க்குக் கொண்டுபோனாள். கை அப்படியே நின்றது.

"இது இன்னா சட்டிலமே ஆக்கின?"

"புதுச் சட்டிக்கா. கொசப்பேட்டைலேந்து வாங்கியாந்து பழக்கினேன்."

"பொய் சொல்லாத. கருவாடு நாறுது."

"அய்யோ, இல்லக்கா."

"எம் புள்ள உசுரு இதுலகீதுடி, பாவி! எத்தக் கலந்த?" அம்மா சோற்றை உதறினாள். என் தாடையைப் பிடித்து வாயில் இருந்ததைத் துப்பவைத்தாள். என் கண்ணில் நீர் வந்தது. வலியில் இல்லை, பசியில்.

அந்த வீட்டுக்கார அம்மா கோபப்படவில்லை. "எங்க வூட்டு அடுப்ப வந்து மோந்து பாருங்கோ" என்று சொல்லிக்கொண்டே கிட்டே வந்தாள். இலையை எடுக்கக் குனிந்தவள் நிமிர்ந்து, அம்மாவின் முன்னால் நனைந்து தொங்கிய மஞ்சள் மடியைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போனவள்போல வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

"சரிக்கா" என்றாள். "எங்கனா தப்பு நடந்திருக்கும். போய்ட்டு வாங்கோ. ஒம் புள்ள வந்துருவான்."

நான்கு இலையையும் அவளே மடித்தாள். மழையோடு வெளியே வந்தோம். தாழ்வாரம் மறைகிறவரை நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அந்தச் சோற்றைத்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

செங்குன்றம் தாண்டி ஓர் அக்ரகாரம். இங்கே என்ன பயம் என்று நைனா முதல் வீட்டு வாசலிலேயே குரல் கொடுத்தார். ஒரு மாமி வந்தாள். "அப்படி ஓரமா உக்காந்துக்கோங்கோ. மலைக்குப் போறவா வெறும் வயித்தோட போகப்படாது" என்று, எட்ட நின்றே சாதமும் மோரும் விட்டாள். விட்டுக்கொண்டிருக்கும்போதே புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். நைனா தலையைக் குனிந்துகொண்டார். நம்மைப் பார்த்து மூடுகிறார்கள் என்று நினைத்தார். நானும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அம்மா மோர்ச்சாதத்தில் கை வைத்தாள். எடுத்துவிட்டாள்.

"இங்கியும்" என்றாள்.

அத்தைக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. "ஐயமாரு வூட்ல ஏது அண்ணி கருவாடு? சாமிக்கே அடுக்காது. துண்ணு."

அம்மா சாப்பிடவில்லை. அந்த வீட்டில் அவள் கத்தவும் இல்லை. கத்த முடியாத இடம் அது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வியாசர்பாடியில் அது தெரியவில்லை. இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒன்று குறுகுகிறது.

அதற்குப் பிறகு அந்த வாசனை எங்களை விடவில்லை. வெயில் காய்ந்தால் விலகியிருக்கும். வியர்த்தால் வரும். தூறினால் வரும். பெரியவர்கள் வெயிலோடும் மழையோடும் அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. எந்த வீடு, எந்தக் கை, எந்தச் சட்டி என்றே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தோட்டக்காரன் கொடுத்த வாழைப்பழத்தை அம்மா மடியில் வாங்கிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போய்த் தோலை உரித்து முகர்ந்தாள். எனக்குக் கொடுத்துவிட்டாள். பழத்தில் யாரும் கருவாடு வைத்து ஆக்குவதில்லை. அப்போதுதான் அவள் முகம் மாறியது.

காரனோடை ஆற்றில் இறங்கி மணலை அள்ளிக் கையைத் தேய்த்தாள். வேப்பிலை போட்டுத் தேய்த்தாள். முழங்கை வரை சிவந்து தோல் வழன்றது. இடுப்பளவு தண்ணீரில் மஞ்சள் மடி அவள் முன்னால் உப்பி மிதந்தது, சின்னப் பிள்ளை முதுகு மாதிரி.

"சோத்துல இல்லடி" என்றாள் என்னிடம். "எங்கையிலகீது. பெருமாளு எனக்குச் சோறு போட மாட்டேங்கறாரு. போ, ஒம் புள்ள இல்லன்றாரு."

"அடச் சீ, வாயக் கழுவு" என்றார் நைனா. தனியாக அத்தையிடம், "காத்து பட்டுட்ச்சி இவளுக்கு" என்றார்.

பெரியபாளையத்தில் மந்திரிக்கிற ஆளிடம் கொண்டுபோய் உட்காரவைத்தார். அவன் வேப்பிலைக் கொத்தால் அம்மாவின் தலையில் அடித்து, "யாரு நீ? இன்னா வோணும் ஒனக்கு?" என்று கேட்டான்.

"பசிக்குது" என்றாள் அம்மா.

"பாத்தியா! பட்டினியில செத்த ஆவி" என்றான் அவன். நைனா நம்பினார். சோறு இறங்காமல் வெறும் வெல்லத்தையும் தண்ணீரையும் வைத்து அத்தனை தூரம் நடந்த பெண் பசிக்கிறது என்று சொன்னாள். பக்கத்தில் நின்ற யாருக்கும் அது அவள் பசி என்று தோன்றவில்லை.

ஊத்துக்கோட்டை எல்லையில் விழுந்தாள். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் மலைத்தொடர் நீலமாக இருந்தது. நாங்கள் ஏற வேண்டிய மலை அதற்கும் அப்பால். பின்பக்கம் கரி அடுப்பு வைத்து ஓட்டிய பஸ் ஒன்றில் அவளைக் கிடத்திக்கொண்டு திரும்பினோம். வழியெல்லாம் பஸ் கரியைத் தின்று புகையைக் கக்கியது. டிரைவரின் ஆள் இறங்கி அடுப்பைக் கிளறும்போதெல்லாம் அம்மா கண்ணைத் திறந்து, "எம் புள்ளயா கரி தள்றது?" என்று கேட்டாள்.

மடியில் சேர்ந்த அரிசியை ஆக்கவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. நைனா அதைக் காசிமேட்டில் கடலில் கொட்டினார். மஞ்சள் துணியை அத்தை உலர்த்தி, அந்துருண்டை போட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

மறு வருஷம் போகலாமே என்று கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா ஒரே பதில்தான் சொன்னாள். "ஒருவாட்டித் திருப்பி அனுப்ட்டாரு. மறுபடி போய் நின்னா, இல்லேன்னு வாயத் தொறந்து சொல்லிடுவாரு." வேண்டுதல் முடியாததால் கவுச்சியும் தொடவில்லை. தெருவெல்லாம் வஞ்சிரமும் சங்கராவும் கொதிக்க, அம்மா மட்டும் தன் தனிச் சட்டியில் கீரை கடைந்துகொண்டிருந்தாள். வருஷங்கள் போயின. அவளுக்கு அந்தப் புரட்டாசி முடியவே இல்லை. நைனா போன பிறகு அவருக்கு வருஷா வருஷம் இலை போட்டாள். ஒரே இலைதான். இரண்டாவது இலையைப் பற்றி அத்தைகூடப் பேசுவதை விட்டுவிட்டாள்.

நான் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்த ஐப்பசி. ஓடு ஒழுகி, டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பழந்துணி வேண்டுமே என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டேன். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மூக்குக்கு ஒரு கிறுக்கு வருமே, அது எனக்கும் வந்திருந்தது.

"யம்மா, இன்னா இது, கருவாடு நாறுது?"

பெட்டி அடியில் அந்துருண்டை எப்போதோ கரைந்து போயிருந்தது. மஞ்சள் துணி ஈரமாகச் சுருண்டிருந்தது.

அம்மா கிட்டே வந்தாள். துணியைக் கையில் வாங்கினாள். முகத்தில் வைத்தாள். எடுக்கவே இல்லை. ஓட்டிலிருந்து ஒழுகிய தண்ணீர் பாத்திரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இத்தான்" என்றாள். துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "வியாசர்பாடில வந்தது இத்தான். ஆத்துல வந்தது இத்தான்." பிறகு துணியை இறக்கி, அண்ணன் என் முகத்தைத் துடைப்பானே, அதே அழுத்தத்தோடு தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கூடவே வந்துகிறான்டி. மழைல நனைஞ்சி எம் மடியிலியே வந்துகிறான். நான் நாறுதுன்னு மூஞ்சத் திருப்பிக்கினேன்."

எனக்கு அந்த ரயில்வே வீட்டு அம்மாவின் முகம் வந்தது. திறந்து மூடிய வாய். அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. மகனுக்காக மலைக்குப் போகிறவளிடம், நாற்றம் உன் மடியில்தான் என்று சொல்ல மனசு வராமல், பழியைத் தன் சட்டிமேல் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

"கெளம்பு" என்றாள் அம்மா.

நிறைமாதக்காரியான எனக்குக் கை ரிக்‌ஷா வைத்தாள். அவள் ஏறவில்லை. ரிக்‌ஷா பக்கத்திலேயே, செருப்பில்லாமல், மஞ்சள் துணியைக் கழுத்திலும் இடுப்பிலும் முடிந்துகொண்டு, தூறலில் நடந்தாள். ரிக்‌ஷாக்காரன் அவளையே பார்த்துக்கொண்டு வந்தான்.

லைன் வீடுகள் அப்படியேதான் இருந்தன. தாழ்வாரம் இருந்தது. கதவைத் திறந்தவள் வேறு ஒருத்தி. இடுப்பில் குழந்தையோடு சின்னப் பெண். முன்னால் இருந்தவர்களுக்கு எப்போதோ மாற்றலாகிவிட்டது, எந்த ஊர் என்று தெரியாது என்றாள். உள்ளே சுவரில் படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

அம்மா போகவில்லை. நின்றாள்.

"இன்னாமா வோணும்?"

அம்மா மடியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். "சோறு" என்றாள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், என் வயிற்றைப் பார்த்தாள், அம்மாவின் மஞ்சள் துணியைப் பார்த்தாள். "கோயிலுக்கு வேண்டிக்கினவங்களா? எங்க வூட்ல இன்னிக்கி மீன் கொழம்புதான் கீது. ஒங்களுக்கு ஆவாதே."

"ஆவும்மா. போடு."

தாழ்வாரத்தில், அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் இலை கொண்டுவந்தாள். சோறும் குழம்பும் விட்டு, ஒரு துண்டு மீனும் வைத்தாள். அம்மா முதல் உருண்டையை உருட்டினாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. இலையின் ஓரத்தில், மீனில் நல்ல சதையாகப் பார்த்து முள் எடுத்து அதன்மேல் வைத்து, தனியே ஒதுக்கினாள். அதன் பிறகுதான் சாப்பிட ஆரம்பித்தாள். அவசரமில்லாமல், விரல்களை நக்கி நக்கி, ஈரத் துணி மடியில் கிடக்கச் சாப்பிட்டாள்.

அந்தப் பெண் வாசற்காலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாமா, ஒரு கை ஒதுக்கி வச்சிக்கினே? காக்காய்க்கா?"

"இல்லமே" என்றாள் அம்மா. "எம் புள்ளைக்கி. ரொம்ப தூரம் நடந்து வந்துகிறான்."